கேப்பர் மலை வேலியில் செங்காந்தள்

"தம்பி, அதத் தோண்டிடாத. கிழங்கு விஷம்" என்றார் ஆடு ஓட்டி வந்த பாட்டி.

தோண்டவில்லை. பார்க்கத்தான் வண்டியை நிறுத்தினேன். கடலூர் பக்கம் கேப்பர் மலையில், முந்திரித் தோப்பு வேலி முள்ளைப் பிடித்து ஏறியிருந்தது செங்காந்தள்.

ஒரே கொடியில் எல்லா வயதும். நுனியில் பச்சை மொட்டு, அதற்குக் கீழே மஞ்சளில் சிவப்பு ஏறிக்கொண்டிருக்கும் பூ, இன்னும் கீழே முழுச் சிவப்பு.

கிட்டப் போய்ப் பாருங்கள். இலை நுனியே சுருண்டு முள்ளைச் சுற்றியிருக்கும். ஆறு இதழும் பின்னால் மடங்கியிருக்க, பூவின் பெண் பாகமான சூல்தண்டு மட்டும் செங்கோணத்தில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்.

காந்தள் பூக்கும் இதே ஐப்பசியில்தான் காஷ்மீரின் பாம்பூரில் குங்குமப்பூ வயல் ஊதாவாகப் பூக்கும். குரோக்கஸ் என்ற பூவினத்தைச் சேர்ந்தது, அதுதான் அசல் குரோக்கஸ். நம் கடலூர் புழுக்கத்தில் அதை வளர்க்க மொட்டை மாடிக்கு ஏசி போட வேண்டும்!

ஐரோப்பாவில் 'இலையுதிர்கால குரோக்கஸ்' என்று ஒன்று உண்டு. பெயரில்தான் குரோக்கஸ், குடும்பம் நம் காந்தளுடையது. இரண்டிலும் இருப்பது கோல்சிசின். பாட்டி சொன்ன அதே விஷம்தான், அளவோடு கொடுத்தால் கௌட் மூட்டுவலிக்கு மருந்து.

எனக்கென்னவோ தொட்டியில் நிற்கும் காந்தளைவிட வேலிக் காந்தள்தான் அழகு. ஆனாலும் வளர்க்க ஆசையென்றால் நர்சரியில் கிழங்கு கேளுங்கள். முளை நுனி உடையாமல் படுக்கை வாக்கில் வையுங்கள். மழைக்காலம் முடிந்து கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், கிழங்கு உள்ளே தூங்கும். அப்புறம், குழந்தைகள், ஆடு மாடு எட்டாத இடமாகப் பாருங்கள்.