இரணைமடுக் குளத்து மீன்கள்

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு முதலாக, வன்னிக் குளங்களில் வலைபோடுவோர் பெரிதும் நம்பியிருப்பது 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை. கரையோரத்து ஆழமற்ற நீரில் குழி பறித்து முட்டையிட்டு, அம்முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய்மீன் வாய்க்குள் வைத்துக் காப்பதால், எவரும் குஞ்சு விடாமலே அது பெருகுகிறது. கட்லா, றோகு ஆகிய கெண்டை மீன்களோ ஓடும் ஆற்றுநீரை நாடி முட்டையிடுபவை. ஆகவே பொரிப்பகத்துக் குஞ்சுகளைத் தொடர்ந்து குளத்தில் விடவேண்டியிருக்கிறது. அவ்வாறு விட்ட குஞ்சுகளை வளரவிடாமல் கண் சிறிய வலையால் வாரியெடுப்பதைக் காணும்போது மனம் கொதிக்கிறது. சிறுபோக நெற்செய்கைக்கு நீர் திறந்து குளம் வற்றும் மாதங்களில், ஒடுங்கிய நீரில் மீன்கள் நெருங்கி நிற்பதால் சேதம் இன்னும் பெரிது. அக்காலத்திலாவது மீனவர் சங்கங்கள் கண் பெரிய வலைகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும்.