பெரியப்பாவின் ட்ரங்குப் பெட்டி

2015 வெள்ளத்துக்கு அப்புறம் பெரியப்பாவின் ட்ரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எங்கள் வியாசர்பாடிக்கு இரண்டு செங்கல் போதவில்லை. தண்ணீர் வடிந்து, சேற்றை விளக்குமாற்றால் வாசலுக்குத் தள்ளி, மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு விரற்கடைத் தண்ணீர், அதில் ஊறிக்கொண்டு ஐம்பது வருஷத்துக் காகிதம்.

பெரியப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர், 1996இல் மில்லை மூடும்வரை. கவிதை படிப்பார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது அவருக்கு வெற்றிலை போடுகிற பழக்கம் மாதிரி என்றுதான் நினைத்திருந்தோம். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர் உயிரோடு இருந்தவரை யாரும் கேட்டதில்லை. பெரியம்மாவுக்கும் தெரியாது. “கடன் பத்திரம்னு நெனச்சேன்டா. அதான் பத்ரமா வெச்சிருந்தேன்” என்றார். கவிதை என்று தெரிந்திருந்தால் எப்போதோ பழைய பேப்பர்காரனிடம் போயிருக்கும்.

மேலே கிடந்தவை ‘வானம்பாடி’ இதழ்கள். எட்டு எண்ணினேன். இந்தப் பெயரைத் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சுருக்கமாக: 1971இல் கோவையில் தொடங்கிய கவிதை இதழ் அது. ஞானி, புவியரசு, சிற்பி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், மு. மேத்தா, சேலத்துத் தமிழ்நாடன் என்று பெரிய கூட்டம். நிறைய பேர் வாத்தியார்கள். ‘மானுடம் பாடும் வானம்பாடிகள்’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள், இதழை ‘விலையிலாக் கவிமடல்’ என்றார்கள். விலை இல்லை என்பது சும்மா பேச்சுக்கு இல்லை, உண்மையிலேயே காசு வாங்காமல் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் புதுக்கவிதை என்றாலே சி.சு. செல்லப்பா 1959இல் ஆரம்பித்த ‘எழுத்து’ பத்திரிகையின் வட்டம்தான், அது தனிமனிதனின் மனசுக்குள் இறங்கிப் பார்க்கிற கவிதை. இவர்கள் அதே புதுக்கவிதையைத் தூக்கிக்கொண்டு கூலி, பசி, சாதி, புரட்சி என்று தெருவுக்கு வந்தார்கள். கோஷம் போடுகிறார்கள், ஒரே சத்தம் என்று அப்போதே திட்டு விழுந்தது. இந்த எட்டையும் உலர்த்தும் சாக்கில் படித்துப் பார்த்தேன், திட்டியவர்கள் சொன்னதில் பாதி சரிதான். ஆனால் மூன்றாவது ஷிஃப்ட் முடித்து வந்து தூக்கம் வராமல் கிடக்கிற ஒரு தறிக்காரருக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது, திட்டியவர்களுக்கும் தெரிந்திருக்காது.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். அச்சடித்த பக்கம் எதுவும் அழியவில்லை. தாள் பழுத்து, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து அந்த இடத்தில் மட்டும் கருஞ்சிவப்பாய் ஓட்டை விழுந்திருந்தது, ஆனால் எழுத்து அப்படியே நின்றது. அச்சு மை எண்ணெயில் குழைத்தது, தண்ணீருக்கு அசையாது. தாளும் மலிவான சொரசொரத் தாள், அதனால்தான் பிழைத்தது. வழவழப்பான ஆர்ட் பேப்பராக இருந்திருந்தால் பக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகியிருக்கும். காசில்லாததே காப்பாற்றிவிட்டது.

அடியில் இருந்ததுதான் போய்விட்டது. பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்து நடத்திய கையெழுத்துப் பத்திரிகை. இப்படி ஒன்று இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும். ஃபுல்ஸ்கேப் தாளை இரண்டாக மடித்து, நடுவில் மில் நூலால் தைத்திருக்கிறார்கள், அந்த நூல் மட்டும் இன்றைக்கும் இழுத்தால் அறாது. உள்ளே முழுக்க ஃபவுண்டன் பேனா. ஊறிய நீல மை தாள் முழுக்கப் பரவி, ஒவ்வொரு பக்கமும் மழை வரப்போகிற வானம் மாதிரி ஆகியிருந்தது. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் இங்கொரு ‘தறி’, அங்கொரு ‘கூலி’, ஒரு பக்கத்தில் ‘அம்மா உன்’ வரைக்கும். அதற்கு மேல் என்ன எழுதியிருந்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. கோயம்புத்தூரில் அச்சானது பிழைத்தது, வியாசர்பாடியில் எழுதியது கரைந்தது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதல் நாள் அவசரத்தில் கொஞ்சம் தாளை மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன், அப்பளமாகச் சுருண்டு தொட்டால் ஒடிகிறது. அதைவிட மோசம், நன்றாக இருந்த ஒரு அட்டையைக் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிட்டேன். சூட்டில் உருகின பிசின் தாளுக்குள் இறங்கிவிடும், இனி அதைப் பிரிக்கவே முடியாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், தாளுக்குத் தாள் வெள்ளைக் காகிதம் வைத்து, ஈரமாக ஒட்டியிருப்பதைப் பிய்க்காமல் பொறுமையாக உலர்த்த வேண்டும். பூசணம் பிடித்ததைத் தனியாக வைக்க வேண்டும். இது எல்லாம் அப்புறம் கற்றுக்கொண்டது.

பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது கவிதை இல்லை, ஒரு கணக்கு நோட்டு. பெரியப்பா காப்பிப் பென்சிலோ மையோ தொடாமல் பால்பாயிண்டில் எழுதியதால் தப்பியது. “டீ 7 – 1.05. தபால் தலை. பெட்ரோமாக்ஸ் வாடகை.” நடுவில் ஒரு வரி: “கூட்டத்துக்கு 4 பேர். மழை.” 1975 ஜூன் வரை மாதாமாதம் வருகிறது. அதற்கப்புறம் 1977 வரை வெறும் தாள். நெருக்கடி நிலை என்று நமக்குப் புத்தகத்தில் இருப்பது அவருடைய நோட்டில் பதினோரு வெற்றுப் பக்கம். அந்தச் சமயம் கொஞ்சம் காகிதத்தைப் பெரியம்மா வெந்நீர் அடுப்பில் போட்டாராம். “எல்லாரும் பயந்தாங்க, நானும் போட்டேன்” என்றார், அதற்காக வருத்தப்படுகிற மாதிரியும் தெரியவில்லை. அந்த நோட்டில் இருபத்திரண்டு ஆண் பெயர்கள் இருக்கின்றன. ஏழு டீயும் கடை டீ. மழை நாளில் வீட்டிலேயே கூட்டம் நடந்தால் டீ போட்டவர் பெரியம்மாதான், அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

இப்படிப்பட்ட காகிதத்துக்கு ஒரு ஆள் குறுக்கே நின்றால்தான் உண்டு. கவிஞர் தமிழ் ஒளி 1965இல் செத்துப்போனார், நாற்பது வயது நிரம்பிய கொஞ்ச நாளில். மே தினத்தைப் பற்றியும் ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றியும் எழுதினவர். நண்பர் செ.து. சஞ்சீவி அவருடைய எழுத்துகளைத் தேடிச் சேர்த்து வைத்துப் புத்தகமாகப் போட்டதால்தான் இன்றைக்கு நாம் படிக்கிறோம். ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூரில் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் வரை விடாமல் சேர்த்தார். அதுதான் இன்றைக்குத் தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஆனால் வியாசர்பாடியிலிருந்து பார்த்தால் தரமணி ஊருக்கு அந்தக் கோடி. இங்கே பக்கத்தில் லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூலகம் இருந்தது, அதுவும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்விட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பெயரில் நமக்கு ரயில் நிலையமே இருக்கிறது, 1952இல் வண்ணாரப்பேட்டை எம்.எல்.ஏ. ஆனவர், இலக்கியக்காரர்களைக் கட்சியோடு சேர்த்து நிறுத்தியவர். அந்த ஸ்டேஷனைச் சுற்றி எத்தனை ட்ரங்குப் பெட்டி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓர் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன், பெயர் வேண்டாம். அச்சு இதழ்களைத் தடவிப் பார்த்து “ரேர் சார்” என்றார்கள். கணக்கு நோட்டையும் நீலப் பக்கங்களையும் “இதெல்லாம் எதுக்கு” என்று திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வானம்பாடி இன்னொரு பிரதி எங்கேயாவது கிடைக்கும் சார், மழைக்கு நாலு பேர் வந்த கூட்டம் எங்கே கிடைக்கும்? கோவையில் எழுதியதை இங்கே யார் படித்தார்கள், படித்துவிட்டு என்ன செய்தார்கள் என்பதற்கு அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டால்தான் கொடுப்பேன் என்று திரும்பிவிட்டேன். நீலப் பக்கங்களை ஸ்கேன் செய்து நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில் இன்னும் ஆறேழு வரி தெரிந்திருக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கம் இரவல் பட்டியல். பதிமூன்று இதழ் வெளியே போயிருக்கிறது, தண்டையார்பேட்டை, ஓட்டேரி, கொருக்குப்பேட்டை என்று ஊர் மட்டும் எழுதியிருக்கிறார். எதிலும் ‘வந்தது’ என்று டிக் இல்லை. அவர் தன் பிரதிகளின் முதல் பக்கத்தில் வலது மூலையில் சிவப்புப் பால்பாயிண்டில் எண் போட்டு வட்டமிடுவார். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால் திருப்பித் தர வேண்டாம், ஐம்பது வருஷ இரவலுக்கு யார் வட்டி கேட்பது. போட்டோ எடுத்து அனுப்புங்கள். பரணிலேயே இருக்கட்டும், கட்டிலுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள்.