விண்வெளிக்குப் போய்வந்தவர் மறுபடி வேலைக்குப் போனார்

1984இல் எனக்கு 14 வயது. ரங்கூன் தாம்வேயில் மாமாவின் பட்டறையில் கையாளாக இருந்தேன். வருவதெல்லாம் பழைய ஹினோ லாரிகள். பிரேக் வேலை முடிந்த வண்டியை மாமா உடனே சொந்தக்காரரிடம் கொடுத்துவிட மாட்டார். முதல் ஓட்டம் அவருடையது. பக்கத்து சீட்டில் நான், மடியில் நோட்டு, காதில் பென்சில். 10 மைல் வேகத்தில் ஒரு மிதி. வண்டி நின்றதும் இறங்கிப்போய் நாலு சக்கரத்து பிரேக் டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். எது சுடுகிறதோ அதைச் சொல்வார், நான் எழுதுவேன். அப்புறம் 15. அப்புறம் 20.

ஒருநாள், "ஒரு மாதிரி சத்தம் வருது மாமா" என்றேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "ஒரு மாதிரின்னு எழுதினா அதை வச்சு என்னடா பண்றது? எந்தச் சக்கரம், எத்தனை மைல், மிதிச்சப்பவா விட்டப்பவா? அதைச் சொல்லு."

அந்த வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி சோவியத் ஏவுதளமான பைகோனூரிலிருந்து சோயுஸ் டி-11 விண்கலம் கிளம்பியபோது எங்கள் கடிகாரத்தில் இரவு ஏழரை தாண்டியிருந்தது. சோவியத் வீரர்கள் யூரி மாலிஷெவ், கென்னாடி ஸ்ட்ரெகலோவ், கூடவே ராகேஷ் சர்மா. விண்வெளிக்குப் போன முதல் இந்தியர். வானொலியில் செய்தி கேட்டு வீடே கூடிவிட்டது. அத்தை விளக்கேற்றினார். மாமா மட்டும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "சோதனை விமானின்னு சொன்னாங்கல்ல? நம்ம வேலைடா அது. மேலே போய்ப் பண்றாங்க."

அன்றைக்கு அது எனக்கு முழுசாகப் புரியவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தேன். புதிய விமானத்தையோ பழுது பார்த்த விமானத்தையோ முதலில் எடுத்துப் போகிறவர் சோதனை விமானி. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். இறக்கை தாங்கும் விசையை இழந்து விமானம் விழத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. மற்ற விமானிகள் அதை அண்டவே மாட்டார்கள், இவர் வேண்டுமென்றே அங்கே போய்வருவார். எந்த உயரம், எந்த வேகம், கைப்பிடி எப்படி அதிர்ந்தது என்று இறங்கி வந்து பொறியாளர்களிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். விண்வெளிக்கு ஆள் தேடும்போது அமெரிக்கா போன்ற நாடுகள் முதலில் இவர்களிடம் போனதற்குக் காரணம் துணிச்சல் மட்டும் என்று நான் நம்பவில்லை. யாரும் போகாத இடத்தில் தன் உடம்புக்கு என்ன நேர்கிறது என்று சரியாகச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். சர்மாவும் சோவியத்தின் சல்யூட் 7 விண்வெளி நிலையத்தில் அதைத்தான் செய்தார். எடையில்லாத நிலையில் யோகா செய்து, அது தசைகளுக்கு உதவுகிறதா என்று பார்த்தார். இந்திய நிலத்தைப் படமெடுத்தார்.

அவர் 1949இல் பாட்டியாலாவில் பிறந்தவர், வளர்ந்தது ஹைதராபாத்தில். 1970இல் விமானப்படை விமானியானார். அடுத்த வருஷமே பாகிஸ்தானோடு போர் வந்தது; மிக்-21 போர் விமானத்தில் 21 முறை போர்ப் பறப்புக்குப் போனார். 1982இல் அவரையும் ரவீஷ் மல்ஹோத்ராவையும் தேர்ந்தெடுத்து மாஸ்கோவுக்குப் பக்கத்தில் விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நட்சத்திர நகரத்துக்கு அனுப்பினார்கள். பாடமெல்லாம் ரஷ்ய மொழியில் என்பதால் முதலில் அந்த மொழியைக் கற்றார்கள். கடைசியில் ஒருவர் பறந்தார், இன்னொருவர் மாற்று ஆளாகத் தரையில் நின்றார். மாமா அப்போதே கேட்டார்: "அந்த இன்னொருத்தர் அதே பாடம்தானே படிச்சார்?"

ஏப்ரல் 11, தண்ணீர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கஸக்ஸ்தான் புல்வெளியில் இறங்கினார்கள். 7 நாள் 21 மணி 40 நிமிடம். மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டதையும், 'உலகிலேயே சிறந்தது' என்று சர்மா பதில் சொன்னதையும் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது. சோவியத் நாயகர் விருது, அசோகச் சக்கரம் எல்லாம் வாங்கியாயிற்று. இனி மாலை மரியாதையோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அவரோ 1987இல் விங் கமாண்டராக ஓய்வு பெற்று, நாசிக்கில் விமானம் செய்யும் அரசு நிறுவனமான ஹெச்.ஏ.எல்.-இன் தொழிற்சாலைக்குத் தலைமைச் சோதனை விமானியாகப் போனார். பட்டறையிலிருந்து வெளியே வரும் விமானத்தை முதலில் ஓட்டிப் பார்க்கும் அதே வேலை! அங்கே ஒரு மிக்-21 சோதனையின்போது விமானத்திலிருந்து வெளியே குதித்து உயிர் தப்பினார். அதற்குப் பிறகும் விடவில்லை. 1992இல் பெங்களூருக்கு மாறி, 2001 வரை பறந்தார். இப்போது குன்னூரில் இருக்கிறார்.

இதை முதன்முதலில் படித்த அன்று மாமாவிடம் ஓடினேன். நாசிக் கதையை இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

விண்வெளிக்கு ஆளனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்கு 2024இல் அறிவித்த நான்கு பேரும் விமானப்படைச் சோதனை விமானிகள்தான். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்று தெரிந்ததும் அத்தை மறுபடி விளக்கேற்றினார். 2025 ஜூன் 25ஆம் தேதி, அவர்களில் சுபான்ஷு சுக்லா ஆக்ஸியம்-4 பயணத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினார். சர்மாவுக்கு 41 வருஷம் கழித்து. தாம்வேயில் கரண்ட் இல்லை. போனில் மிச்சமிருந்த சார்ஜில், 80 தாண்டிய மாமாவுக்கு ராக்கெட் எழும்புவதைக் காட்டினேன். பேசாமல் பார்த்தார்.

"மாற்று ஆள் யாரு?"

"பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், மாமா. கேரளாக்காரர்."

"அவரும் சோதனை விமானிதானே?"

"ஆமா மாமா."

"அவரையும் காட்டு" என்றார். தேடி எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.