தாளின் பின்பக்கம்

தாளில் வரைந்த, அச்சிட்ட படங்களைச் சீர்செய்யும் சிறிய பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஊர் கனடாவின் வான்கூவர். எந்தப் படம் வந்தாலும் முதலில் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். கோளாறெல்லாம் முதுகில்தான் தெரியும்.

போன குளிர்காலத்தில் ஒரு மூதாட்டி கொண்டுவந்தது அச்சுக் கலைஞர் சிபில் ஆண்ட்ரூஸின் 'ஹாலிங்'. 1952-ல், லினோலியம் விரிப்பைச் செதுக்கி எடுத்த லினோ அச்சு. வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்லும் லாரி. மடியில் வைத்துப் பார்க்கும் அளவுதான். யாரோ முன்பு பிரேம் போட்டவர் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவைத்திருந்தார். பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது.

வெங்காயத் தோல் மாதிரி ஜப்பானியத் தாள். டேப்பைச் சூடுகாட்டி நூல் நூலாக எடுக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் என் கண் பின்பக்கத்திலேயே கிடந்தது. சிபில் அச்சு இயந்திரத்தில் எடுத்தவரல்ல. வண்ணத்துக்கொரு லினோ துண்டைச் செதுக்கி, மை தடவி, மேலே தாளை விரித்து, முதுகைக் கையாலேயே தேய்த்து எடுப்பார். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தேய்த்த இடமெல்லாம் மினுமினுத்தது. அழுத்திய இடம், விட்டுப்பிடித்த இடம் எல்லாம் தெரிந்தது.

அது உழைத்த கை. 1898-ல் இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் பிறந்தவர், முதல் உலகப் போரில் விமான பாகங்களுக்கு வெல்டிங் செய்தார். 1925-ல் லண்டனில் தொடங்கிய கிரோவ்னர் கலைப் பள்ளியில் செயலாளராக இருந்துகொண்டே, அங்கே ஆசிரியராக இருந்த கிளாட் ஃப்ளைட்டிடம் லினோ கற்றார். அடுத்த போரில் படகு கட்டும் தளத்தில் வேலை. அங்கே சந்தித்த வால்டர் மார்கனை மணந்தார். 1947-ல், ஐம்பதை நெருங்கும் வயதில், இருவரும் வான்கூவர் தீவின் கேம்பெல் ரிவருக்குக் குடிபெயர்ந்தார்கள். மரம் வெட்டும் ஊர். அங்கே பியானோவும் ஓவியமும் சொல்லிக்கொடுத்து, 1992 வரை வாழ்ந்தார்.

அவருடைய 1930-களின் லண்டன் படங்களுக்குத்தான் பெயர் அதிகம். எனக்கு இந்த லாரிதான் பெரிது. புது ஊரில் கண்ணெதிரே என்ன உழைப்பு நடந்ததோ அதையே செதுக்கினாரே, பிறந்த ஊரை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கவில்லையே என்று பட்டது. நானும் ஊர்விட்டு வந்தவள் என்பதால் அது சற்று ஆழமாகவே தைத்தது.

கோதுமைப் பசையில் புதுக் காகிதக் கீல் ஒட்டி, படத்தைத் தாங்கும் மவுண்ட் அட்டையில் பொருத்துவதற்கு முன், அந்த அம்மாவை வரவழைத்துப் பின்பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். இதை மூடித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார்.

மூடத்தான் வேண்டியிருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் படம் எடுத்து, உறையில் போட்டு, பிரேமின் முதுகில் சொருகிக் கொடுத்தேன்.