‘க’வில் ஓர் ஊர்

எங்கள் தமிழ் ஆசிரியர், நாங்கள் ‘சேர்’ என்று அழைத்தவர், காலமானார் என்று தெரிந்த அன்றே, எங்கள் சங்க மலருக்கு எதை எழுதுவது என்ற கேள்வி எனக்குத் தீர்ந்துவிட்டது. அவர் இலக்கணம் படிப்பித்த அழகை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் வெள்ளிக்கிழமை மாணவர் மன்றத்தில் அவர் நடத்திய சொல் விளையாட்டை எழுதுகிறேன்.

1996 செப்டெம்பரில் போரால் கிளிநொச்சியை விட்டு எழும்பி, வன்னியிலேயே அக்கராயன் பக்கம் மரங்களின் கீழ் பள்ளிக்கூடம் தொடங்கிய காலம். பொருளாதாரத் தடையால் கொப்பி கிடைப்பது அருமை. நான்கு பேர் கொண்ட குழுவுக்குப் பழைய கொப்பியிலிருந்து ஓர் ஒற்றை, ஒரு பென்சில். ஆள், ஊர், மரம், மீன் என்று கோடு கிழிப்போம். சேர் பால்மாப் பேணியைக் குலுக்கி ஒரு மட்டையை எடுத்து எழுத்தை வாசிப்பார். ஒருவர் பதினாறாம் வாய்பாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் நிரப்ப வேண்டும். வேறு எவரும் எழுதாத சொல்லுக்குப் பத்துப் புள்ளி, இன்னொரு குழுவும் எழுதியிருந்தால் ஐந்து. கிபிர் குண்டுவீச்சு விமானம் இரைந்தால் பேணியை மூடிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்குவோம்; ஏறி வந்ததும் வாய்பாடு முதலிலிருந்து தொடங்கும்.

பேணிக்குள் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் இருக்கவில்லை. அவை மொழிக்கு முதலில் வராது என்ற நன்னூல் விதியை நாங்கள் மனப்பாடம் செய்யாமல் அந்தப் பேணியிலிருந்தே படித்தோம். ‘க’ என்றால் ‘க’ மட்டுந்தான். கிளிநொச்சி என்று எழுத முடியாது. ‘கி’ வந்த அன்று எல்லாக் குழுவும் கிளிநொச்சியையே எழுதியது, எல்லோருக்கும் ஐந்தே புள்ளி. அன்று ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

ஊர் என்றால் வன்னியூர் மட்டும் என்பது இன்னொரு விதி. நானோ 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளாலிக் கடலில் வள்ளமேறி வந்த பிள்ளை. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் குழுவில் ஊர் நிரல் என் பங்குக்கு வந்தது. எழுத்து ‘க’. நான் கந்தரோடை என்று எழுதினேன். சேர் வாசித்ததும், “அது வன்னி இல்லை சேர், அங்கே இப்போது ஆமி” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது. சேர் விதிப்படி அந்தச் சொல்லைக் கோடிட்டு வெட்டினார். நான் பிறந்த ஊரின் மேல் விழுந்த அந்தப் பென்சில் கோட்டை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் சேர் வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: “இந்தப் பிள்ளைக்கு எழுத ஊர் இல்லை. ஆளுக்கொரு ஊர் கொடுங்கள்.”

கொடுத்தார்கள். கல்மடுவைத் தந்தவன் அந்தக் குளத்தில் யப்பான் (திலாப்பியா) மீன் பிடிக்கும் விதத்தையும் சேர்த்துச் சொன்னான். கரிப்பட்டமுறிப்பைத் தந்தவள், பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டும், தேங்காயெண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும் என்றாள். கண்டாவளை வந்தது, கனகராயன்குளம் வந்தது. முதலில் சிரித்தவன் கடைசியாக எழும்பிக் கனகாம்பிகைக்குளத்தைத் தந்தான். அடுத்த கிழமை சேர் விதியை மாற்றினார்: எந்த ஊரையும் எழுதலாம், ஆனால் அங்கே நிற்கும் மரம், கிடக்கும் குளம், ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கந்தரோடையின் வட்டமான பழைய கற்கட்டடங்களைச் சொன்னேன். பத்துப் புள்ளி.

2009இல், போரின் இறுதி மாதங்களில், பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று செய்தி வாசித்தபோது, ஒவ்வொரு பெயரும் எனக்கு யாரோ ஒருவரின் கையெழுத்தில்தான் தெரிந்தது. அப்போது நான் கனடாவில், ஸ்காபரோவில் இருந்தேன். சேர் வன்னியிலேயே இருந்தார். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக்பாம் முகாமிலும் பிள்ளைகளைக் கூட்டி, பேணி இல்லாமல், நிலத்தில் கோடு கீறி இதையே விளையாடினார் என்று பின்னர் அறிந்தேன்.

நான் கனடாவுக்கு வந்த புதிதில் அவருக்குக் கடிதம் எழுதினேன். “உன் புது ஊரில் என்ன மரம் நிற்கிறது, எந்தத் தண்ணீர் ஓடுகிறது?” என்று பதில் வந்தது. மேப்பிளுக்கு அப்பால் ஒரு மரத்தின் பெயரும் எனக்குத் தெரியவில்லை. வன்னியில் இருந்ததை விடப் பன்மடங்கு காலம் இங்கே வாழ்ந்துவிட்டேன். சேரின் விதிப்படி ஸ்காபரோவுக்கு எனக்கு இன்றும் புள்ளி கிடையாது. வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கும் இரவுகள் உண்டு. அந்த நினைப்பை என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு இந்த ஊர் தெரிகிறது. சங்கத்தின் இளையோருடன் இதை விளையாடியபோது, ஒரு சிறுமி ‘ஹை’யில் ஹைலண்ட் கிரீக் என்று எழுதி, இலையுதிர் காலத்தில் அங்கே சால்மன் மீன் எதிர்த்து நீந்தி ஏறும் என்றாள். யோசிக்காமல் பத்துப் போட்டேன். கனடாவில் பேணிக்குள் ட, ர, ல, ஹ சேர்க்காமல் முடியாது. டொரொண்டோவே ‘டொ’வில்தான் தொடங்குகிறது. சேர் இதற்குச் சம்மதித்திருப்பார் என்று நம்புகிறேன்.

வருடாந்த ஒன்றுகூடலில் எல்லோரும் விளையாடுவதற்காக மட்டைகளும் ஊர்ப்பட்டியலும் தயாராகின்றன. பெரிய ஊர்கள் போதும். வரைபடத்தில் இல்லாத சின்னக் குளங்களையும் குடியிருப்புகளையும், அங்கே நின்ற ஒரு மரத்தோடு எழுதி அனுப்புங்கள். ‘யோ’வுக்கு யோகபுரம் வந்துவிட்டது, ‘ஐ’க்கு ஐயன்கன்குளம். ‘ஞா’வுக்கும் ‘ஔ’வுக்கும் இன்னும் ஒருவரும் எழுதவில்லை.