11 இரவு ஓடாத பேக்கப்

"ஏனுங்க தம்பி, போன வாரத்து பில்லு ஒண்ணைத் தப்பா அழிச்சுப்போட்டனுங்க. பழசுல இருந்து எடுத்துத் தர முடியுங்களா?" என்று கணக்குப் பிரிவு அக்கா கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தினமும் ராத்திரி 1 மணிக்கு பேக்கப் எடுக்கும் பாஷ் ஸ்கிரிப்டை (லினக்ஸ் கமாண்டுகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைலை) எழுதியவன் நான்தானே. "ரெண்டே நிமிசங்க அக்கா" என்று சொல்லிவிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். கடைசி ஃபைலுக்கு வயது 11 நாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு தடவை ஓடிவிடக் கூடாது என்று, ஆரம்பத்தில் 'வேலை நடக்கிறது' என்று காட்டும் பூட்டு மாதிரி ஒரு லாக் ஃபைலை உருவாக்கி, கடைசி வரியில் அழிப்பதுபோல் எழுதியிருந்தேன். 11 நாளுக்கு முன் ராத்திரி கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி பழசு. சர்வர் பேக்கப்பின் நடுவிலேயே அணைந்துவிட்டது. கடைசி வரி ஓடவில்லை, லாக் ஃபைல் அங்கேயே நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து, 'யாரோ ஏற்கெனவே வேலை செய்கிறார்கள்' என்று சமர்த்தாக வெளியேறிக்கொண்டிருந்தது. அதுவும் எக்ஸிட் கோட் 0, அதாவது 'வெற்றி' என்று சொல்லி. ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் ஓட்டும் க்ரான் அனுப்பும் மெயில் தொல்லையாக இருக்கிறதென்று, அவுட்புட்டை டெவ் நல் என்ற குப்பைக்குழிக்குத் திருப்பிவிட்டதும் நான்தான். லாக்கை மெமரியில் இருக்கும் ரன் ஃபோல்டரில் வைத்திருந்தால் கரண்டோடு அதுவும் போயிருக்கும். நான் பேக்கப் ஃபோல்டரிலேயே வைத்திருந்தேன்.

பில்லை அக்கா பேப்பர் காப்பியைப் பார்த்து மறுபடி டைப் செய்தார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே ஸ்கிரிப்டைத் திருத்த உட்கார்ந்தேன். துடைக்கும் வேலையைக் கடைசி வரியில் வைப்பதுதான் தப்பு என்று தெரிந்துவிட்டது. கடைசி வரி வரை வந்துசேர்வோம் என்று யார் உத்தரவாதம் தந்தது? பாஷில் இதற்கு ட்ராப் இருக்கிறது. 'எக்ஸிட் ஆகும்போது இந்த ஃபங்ஷனை ஓட்டு' என்று முன்பே சொல்லி வைத்துவிட்டால், ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிந்தாலும், நடுவில் பிழை வந்து வெளியேறினாலும், கண்ட்ரோல் சி அடித்தாலும் அது ஓடும். ஆனால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதியிருக்க வேண்டும். உபுண்டுவில் வெறும் எஸ்எச் என்று எழுதினால் கிடைப்பது டாஷ் என்ற வேறொரு புரோகிராம்; கண்ட்ரோல் சி போன்ற சிக்னலில் சாகும்போது அது எக்ஸிட் ட்ராப்பை ஓட்டாது.

சரி, ட்ராப்பை ஸ்கிரிப்டின் உச்சியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதில்தான் இரண்டாவது அடி. ஒரு நாள் ராத்திரி க்ரான் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும்போது, சோதித்துப் பார்க்கலாமென்று கையாலும் ஓட்டினேன். 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று சரியாகச் சொல்லி வெளியேறியது. வெளியேறும்போது ட்ராப் ஓடுமே! க்ரானின் லாக் ஃபைலை என் ட்ராப் அழித்துவிட்டது. இன்னொரு தடவை ஓட்டினேன். தடுக்க எதுவும் இல்லாததால் ஜோராக ஓடியது. இரண்டு டம்ப் (டேட்டாபேஸின் நகல்), ஒரே பெயர் கொண்ட ஃபைலில். அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டு, 'கதவு திறந்துதானே இருக்கிறது' என்று உள்ளே நுழைந்த கதை. லாக் நம் கைக்கு வந்த பிறகுதான் அதை அழிக்கும் ட்ராப்பைப் போட வேண்டும், முன்னால் அல்ல.

இப்போது லாக் ஃபைலை அழிப்பதையே விட்டுவிட்டேன். எஃப்லாக் என்ற கமாண்ட் போதும். ஃபைல் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கணக்கே இல்லை. திறந்திருக்கும் ஃபைலின் மேல் பூட்டைப் பிடித்திருப்பது லினக்ஸின் மையமான கெர்னல். ப்ராசஸ் எப்படிச் செத்தாலும், கில் மைனஸ் 9 போட்டு வலுக்கட்டாயமாகக் கொன்றாலும், பூட்டு தானாக விடுபடும். கில் மைனஸ் 9-ஐ எந்த ட்ராப்பாலும் பிடிக்க முடியாது.

அந்த ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய பேக்கப்களில் ஒன்றின் அளவு 20 பைட். 20 எம்பி இல்லை, 20 பைட். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிய நாள் அது. டம்ப் தோற்றுப்போய் ஒன்றும் தராமல் வெளியேற, பைப்பின் (ஒரு கமாண்டின் அவுட்புட்டை அடுத்ததுக்குக் கொடுக்கும் இணைப்பின்) மறுமுனையில் இருந்த ஜிஜிப் என்ற சுருக்கும் கமாண்ட், ஒன்றுமில்லாததைப் பொறுப்பாகச் சுருக்கி 20 பைட் ஃபைல் ஒன்றைச் செய்து, 'வெற்றி' என்று சொல்லியிருக்கிறது. பைப்பில் கடைசி கமாண்டின் எக்ஸிட் கோடைத்தான் பாஷ் எடுத்துக்கொள்ளும். பிழை வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் மைனஸ் ஈ போட்டிருந்தும் பயனில்லை. கூடவே, பைப்பில் எந்தக் கமாண்ட் தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயிலும் வேண்டும். அந்த செட் மைனஸ் ஈயை முழுசாக நம்பவும் கூடாது. ஒரு ஃபங்ஷனை இஃப்பின் நிபந்தனையாகக் கூப்பிட்டால், உள்ளே எந்த வரி தோற்றாலும் அது கண்டுகொள்ளாது.

தற்காலிக ஃபோல்டரைத் துடைக்கும் ஃபங்ஷனும் சாது இல்லை. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற கேம் செயலியின் லினக்ஸ் ஸ்கிரிப்ட் ஒருவருடைய ஃபைல்களையெல்லாம் அழித்த விவகாரம் வெளியே வந்தது. ஃபோல்டர் பெயரை வைத்திருந்த வேரியபிள் காலியாகிப்போனதால், அழிக்கும் கமாண்ட் ரூட் என்ற உச்சி ஃபோல்டரிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. அந்த வரிக்குப் பக்கத்தில் 'பயமாயிருக்கிறது!' என்ற பொருளில் ஒரு கமெண்ட் வேறு இருந்தது. எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது! என் ஃபங்ஷனில் வேரியபிள் காலியா என்று பார்த்த பிறகுதான் அழிக்கும் கமாண்டான ஆர்எம் வருகிறது.

போன மாதம் மறுபடியும் ராத்திரியில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி இன்னும் மாற்றவில்லை, அது வேறு கதை. மறுநாள் ராத்திரி பேக்கப் ஓடியது. காலையில் வரும் மெயிலில் ஃபைல் அளவும் சரியாக இருந்தது. ஆனால் கரண்ட் போன அன்று எம்கேடெம்ப் கமாண்ட் உருவாக்கிய தற்காலிக ஃபோல்டர், பாதி டம்ப்போடு அப்படியே கிடந்தது. மெஷினே அணைந்தால் ட்ராப்பை யார் ஓட்டுவது? இப்போது ஸ்கிரிப்ட், பூட்டு கைக்கு வந்ததும் முதல் வேலையாக, ஒரு நாளுக்கு மேல் பழசான தன் தற்காலிக ஃபோல்டர்களைத் தேடி அழிக்கிறது.