இருபத்து நாலு ஸ்டூல்

நான் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு சூப்பர்வைசர். காலை ஒன்பதரைக்கு வரும் பெண்கள் இரவு ஒன்பது வரை நிற்பார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்குப் பத்து நிமிடம், அவ்வளவுதான் ஓய்வு. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் வருஷா வருஷம் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டு நின்றுவிடுவார்கள். நின்று நின்றே நின்றுபோனவர்கள் என்று நாங்களே சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. ஆயுதபூஜைக்கு எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சேலை கொடுத்தார், நன்றாக விற்றவரின் போட்டோவை மாதாமாதம் மாட்டினார். ஒருமுறை வெளியூரிலிருந்து ஆளை வரவழைத்து உற்சாகப் பேச்சு வைத்தார். ஒரு மணி நேரம். அதையும் நின்றுகொண்டேதான் கேட்டார்கள்.

அப்புறம் 2021-ல் சட்டம் வந்தது. 1947-ம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்கவேண்டும் என்றார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது; கோழிக்கோடு மிட்டாய்த்தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் ஆரம்பித்து வைத்த போராட்டம் அது. பேப்பர் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"ஆள் வரும்போது உட்கார்ந்திருந்தா கடைக்கு மரியாதையா வே?" என்றார்.

"உங்க அப்பா மெத்தையில உட்கார்ந்துதானே அண்ணாச்சி வியாபாரம் பார்த்தாங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, வாங்கிப் போடும்" என்றார்.

நாற்பத்தாறு பேருக்கு இருபத்து நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. ஒருத்தரும் உட்காரவில்லை. இரண்டு வாரத்தில் அதன்மேல் ஜாக்கெட் துணிப் பெட்டிகள் ஏறிவிட்டன. காட்டன் பிரிவில் இருக்கும் மூத்த அம்மாவிடம் கேட்டேன். அவர் வாயைத் திறக்காமல் மேலே கேமராவைக் காட்டினார். முன்பெல்லாம் ரேக்கில் சாய்ந்தாலே ஐம்பது ரூபாய் பிடிப்பார்கள். பிடித்துச் சீட்டு எழுதியவனே நான்தான். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் மதியம், கூட்டம் இல்லாத நேரம், ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு கேமராவுக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். இரண்டே நிமிடத்தில் இன்டர்காம் அடித்தது.

"யாரு அது உட்கார்ந்திருக்கது?"

"நான்தான் அண்ணாச்சி."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஆள் இல்ல, உட்கார்ந்திருக்கேன்."

போனை வைத்துவிட்டார். பிடித்தம் எழுதும் நோட்டில் அந்தப் பக்கத்தை நான் மூடிவிட்டேன் என்று அன்று சாயங்காலமே எல்லாரிடமும் சொன்னேன். முதலில் அந்த மூத்த அம்மா உட்கார்ந்தார், அதுவும் விளிம்பில். ஒரு மாதத்தில் மற்றவர்களும்.

புதுத் தொல்லையும் வந்தது. ஸ்டூல் குட்டை, உட்கார்ந்தால் கவுண்டருக்குப் பின்னால் தலை மறைந்துவிடும். ஆளே இல்லை என்று நினைத்து வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனார்கள். உயரமானதாக மாற்ற இன்னொரு முறை அண்ணாச்சியிடம் நிற்க வேண்டியிருந்தது.

போன தீபாவளிக்குப் பிறகு மூன்று பேர்தான் நின்றார்கள், அதில் ஒருத்திக்குக் கல்யாணம். இப்போது என்னிடம் வரும் பஞ்சாயத்தெல்லாம் யார் ஸ்டூலை யார் எடுத்தது என்பதுதான். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மார்க்கரால் பெயர் எழுதியிருக்கிறார்கள். சிலதில் இரண்டு பெயர்.